மைனஸ் சார் எழுதிய மொட்டைக் கடிதாசி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் மைனஸ் சார் தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய முடிவொன்றை எடுத்தார். இனி மிச்சமிருக்கும் ஆயுள் முழுக்க, தினமும் நாலு மணிக்குப் பெண்டாட்டியோடு பால்கனியில் உட்கார்ந்து டீ குடிப்பது.

மறுநாளே இரண்டு பிரம்பு நாற்காலி வாங்கி வந்தார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று டேப் வைத்து அளந்தார். பதினாறு அங்குலம் என்று முடிவானது. கையை நீட்டினால் எட்டும். நீட்டாமல் இருந்தால் எதிர் வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்ல முடியாது.

நாற்காலி தயார். டீ தயார். ஆள்தான் வரவில்லை.

ஆள் தெருமுனையில் இருந்தாள். அவர் ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அங்கே ஒரு சின்ன உணவகம் திறந்திருந்தாள். பன்னிரண்டு மேஜை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு கதவு. திறப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்கத்தான் செய்தாள். அவர் அப்போது ஏதோ ஒரு பேக்கரியின் எலிப் புழுக்கையைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். "செய், செய்" என்றார். முன்பு தையல் வகுப்புக்குப் போனாளே, அது பத்து நாளில் நின்றதே, அது போல இதுவும் நின்றுவிடும் என்று நினைத்தார். கடை நிற்கவில்லை. கடைக்கு வெளியே ஜனங்கள்தான் நின்றார்கள், இடத்துக்காக.

மைனஸ் சார் என்பது அவருக்கு ஊர் வைத்த பேர். உணவகங்களைச் சோதித்து மார்க் போடும் சுகாதார இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருஷம் இருந்தவர். நூறு மார்க்கில் ஆரம்பித்து ஒவ்வொரு குறைக்கும் ஒன்று, இரண்டு என்று கழித்துக்கொண்டே வருவார். மிஞ்சியதை ஓர் அட்டையில் எழுதி, கடை வாசலில் எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டிவிட்டு வருவார். எழுபதுக்குக் கீழே போனால் ஏழு நாள் கடையைச் சாத்த வேண்டும். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் சமையல்காரர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். மூச்சு விட்டதற்கும் கழிப்பார் என்று பேச்சு. அப்படி ஊரார் சமையலறையில் மார்க் கழித்தவருக்கு, இப்போது தன் வீட்டில் ஒரு சாயங்காலம் கழியவில்லை.

வீட்டில் அவருக்கு வேறு பேர் உண்டு. "என்னங்க."

அந்தப் பேரைக் கேட்பதே இப்போது அரிதாகிவிட்டது. அவள் காலை ஐந்தரைக்குக் கிளம்புவாள். கடை சாயங்காலம் ஐந்துக்கு மூடும். அதற்கப்புறம் கழுவுவது, துடைப்பது, மறுநாளைக்குக் காய்கறி சொல்வது எல்லாம் முடித்து ஏழு மணிக்கு வருவாள். இருபது நிமிஷம் சாப்பாடு. அதில் பத்து நிமிஷம் கண் மூடியிருக்கும். எட்டு மணிக்குத் தூங்கிவிடுவாள். மைனஸ் சார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார். வேலையில் இருந்த காலத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன மச்சம் இருப்பதை இப்போதுதான் கண்டுபிடித்தார். எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்கலாம். கேட்கப்பட வேண்டியவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, நாம் போய்ப் பார்ப்போம் என்று ஒரு நாள் சட்டை இஸ்திரி போட்டுக் கடைக்கே போனார். நாலாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சமையலறைச் சுவரில் தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல் தெரியும். ஜன்னலில் அவள் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது, முழங்கை வரைக்கும். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடும். அது அவள் கைதான். வலது மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுக்காயம் இருந்தது.

ஒரு சூப் சொன்னார். சூப் வந்தது, கை வந்தது, போனது. இன்னொரு சூப் சொன்னார். கை மறுபடியும் வந்தது. நாலாவது சூப்புக்கு மச்சினன் வந்து நின்றான்.

"மாமா, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்ல மாப்ள. சூப் நல்லா இருக்கு."

"நாலு தடவையும் நல்லா இருக்கா?"

"உங்க அக்கா வெளியில வர மாட்டாளா?"

"கூட்டம் மாமா. மூச்சு விட நேரம் இல்ல."

"நான் ஒரு எட்டு உள்ள போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"தொப்பி இல்லாம யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு அக்கா உத்தரவு."

"நான் யாரோவா?"

மச்சினன் கொஞ்சம் யோசித்தான். "அது எனக்குத் தெரியாது மாமா. அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்." உள்ளே போனான். வந்தான். "இன்னொரு சூப் வேணுமான்னு கேக்கச் சொன்னாங்க."

அவர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு நாற்காலியில் தான் உட்கார்ந்து, இன்னொன்றில் டீ கப்பை வைத்தார். பால்கனியிலிருந்து பார்த்தால் கடையின் பின்கதவு தெரியும். அது மூடியிருந்தது.

ஒரு புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாயைத் திறந்தாள். தானாகப் பேசிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

"என்னங்க, ஒரு சந்தேகம்."

மைனஸ் சார் கையில் இருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். "கேளு."

"ஒரு கடை மேல யாராவது மொட்டைக் கடிதாசி போட்டா உங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்க?"

"பேர் இருக்கோ இல்லையோ, மூணு நாளைக்குள்ள ஆள் போயே ஆகணும். அது நான் கொண்டு வந்த விதி."

"மூணே நாளா? வரிசை கிரிசை இல்லையா?"

"வரிசை எல்லாம் சாதாரண சோதனைக்குத்தான். அதுக்கு நாலு மாசம் ஆகும். கடிதாசின்னா உடனே."

"மார்க் எழுபதுக்குக் கீழ போச்சுன்னா?"

"ஏழு நாள் மூட வேண்டியதுதான்."

"ஏழு நாளா." அவள் பெருமூச்சு விட்டாள். "ஏழு நாள் கடை மூடியிருந்தா நானும் உங்க பக்கத்துல உட்கார்ந்து நிம்மதியா டீ குடிக்கலாம். நம்ம கடை மேல யாரு கடிதாசி போடப் போறா."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் தூங்கி வெகுநேரம் ஆகியும் மைனஸ் சார் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துபோயிருந்தது.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் நாலு வெள்ளைத் தாள், ஒரு கவர், ஒரு ஸ்டாம்பு இருந்தன. "கரண்ட் ஆபீசுக்கு எழுதலாம்னு எடுத்து வெச்சேன். நேரமில்ல, அப்படியே கிடக்கட்டும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். மைனஸ் சார் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு சங்கடம் இருந்தது. அரசாங்கத்துக்கு எழுதும் தாளில் பொய் எழுதி அவருக்குப் பழக்கம் இல்லை. கரப்பான் பூச்சி என்று எழுதலாம் என்று ஆரம்பித்தார். 'கர' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்தத் தாளைக் கிழித்தார். மீன் நாற்றம் என்று எழுதப் பார்த்தார். நாலு சூப் குடித்தவர், நாற்றம் இருந்திருந்தால் முதல் சூப்பிலேயே எழுந்திருப்பார். அதையும் கிழித்தார். கடைசியில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுவது என்று தீர்மானித்தார். கையெழுத்துத் தெரியாமல் இருக்க இடது கையால் எழுதினார். தலையில் ஒரு முடி இல்லாத மனுஷர், நாக்கைத் துருத்திக்கொண்டு இடது கையால் மொட்டைக் கடிதாசி எழுதிய காட்சியை யாரும் பார்க்கவில்லை. ஒரு வழியாக எழுதி முடித்தபோது பதினோரு மணி. தபால் பெட்டி கடைக்கு எதிரிலேயே இருந்தது. போட்டுவிட்டுத் திரும்பும்போது தட்டு ஜன்னலில் கை தெரிந்தது. ஏழே நாள், அதற்கப்புறம் திறந்துகொள்ளட்டும் என்று அந்தக் கைக்கு மனசுக்குள் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு ஆபீஸ் ஸ்கூட்டர் வந்து கடை வாசலில் நின்றது. இறங்கியவள் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இன்ஸ்பெக்டர் அம்மா. அவருக்குக் கீழே ஆறு வருஷம் இருந்தவள். அவரைப் போலவே நடப்பாள். பேனாவை அவரைப் போலவே காதில் செருகுவாள்.

மைனஸ் சார் பால்கனியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தார். மூன்றாவது நிமிஷம் கடையின் பின்கதவில் நின்றார். அன்றைக்கென்று கதவு ஒரு ஜாண் திறந்திருந்தது.

உள்ளே பார்த்தார். முழுசாகத் தெரிந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் நீல ஏப்ரன், கையில் கரண்டி. வீட்டில் தூக்கத்தில் மட்டும் பார்க்கக் கிடைத்தவள் இங்கே விழித்துக்கொண்டு நின்றாள். அடுப்பு வெளிச்சத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. மைனஸ் சார் வந்த காரியத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா வேலையை ஆரம்பித்தாள். பிரிட்ஜைத் திறந்து வெப்பமானி பார்த்தாள். நாலு டிகிரி. டப்பாக்களைத் திருப்பினாள். ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்தது. மீன் வெட்டும் பலகை தனி, காய் வெட்டும் பலகை தனி. கை கழுவும் தொட்டியில் சோப்பு, பக்கத்தில் காகிதத் துண்டு. மாவு மூட்டைகள் தரையிலிருந்து ஆறு அங்குலம் உயரத்தில் பலகை மேல் இருந்தன. அதைப் பார்த்ததும் மைனஸ் சாருக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு அங்குலக் கதை அவர் சொன்ன கதை. இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட மகளுக்கு முதல் பல் முளைத்த வருஷம், ஒரு பேக்கரியில் மூட்டைகள் தரையில் கிடந்ததைப் பற்றி வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினார். அவள் அப்போது அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். கேட்கவே இல்லை என்று நினைத்தார். சாக்கடைக்கு வலை, குப்பைத் தொட்டிக்குக் காலால் திறக்கிற மூடி, எண்ணெயை மாற்றிய தேதி எழுதிய சிலேட்டு என்று அவர் சொன்ன கதைகள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் வரிசையாக நின்றன. முப்பத்தொரு வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள், காதைக் கொடுத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"துடைக்கிற துணி கிருமி மருந்துத் தண்ணிக்கு வெளியில கிடக்கு" என்றாள் இன்ஸ்பெக்டர் அம்மா. காதிலிருந்து பேனாவை எடுத்தாள். "மைனஸ் ஒண்ணு."

"அது எப்படி?" என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று மைனஸ் சாரே திரும்பிப் பார்த்தார். அவர் குரல்தான். அவர் கதவைத் தாண்டிச் சமையலறைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். "மருந்துத் தண்ணியிலேர்ந்து இப்பத்தான் எடுத்திருக்காங்க. சொட்டு விழுது பாருங்க. வேலையில இருக்கிற துணிக்குக் கழிக்கக் கூடாது."

இன்ஸ்பெக்டர் அம்மா துணியைத் தொட்டுப் பார்த்தாள். பேனாவைத் திரும்பக் காதில் செருகினாள். "சரி சார்."

"அந்தக் கரண்டி?" என்று அடுத்ததைக் காட்டினாள். "பாத்திரத்துக்குள்ளயே இருக்கு."

"கைப்பிடி மேல நோக்கி இருந்தா இருக்கலாம். விதிப் புத்தகம், பன்னிரண்டாம் பக்கம்."

"ஜன்னல் கம்பியில தூசி."

"அது தூசி இல்லம்மா, கம்பியோட நிறமே அதுதான். துடைச்சுப் பாருங்க." அவரே துடைத்துக் காட்டினார். விரல் சுத்தமாக இருந்தது. அவர் முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. யாருடைய வெற்றி என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா அட்டையை எடுத்தாள். "எல்லாம் சரி. ரெண்டே ரெண்டு கழிக்கணும்."

"எதுக்கு?" என்றார் மைனஸ் சார் கோபமாக.

"தொப்பி இல்லாம ஒருத்தர் சமையலறையில நிக்கறதுக்கு ஒண்ணு."

மைனஸ் சார் தலையைத் தடவினார். "எனக்குத்தான் முடியே இல்லையே."

"முடி இருந்தாலும் இல்லாட்டாலும் தொப்பி கட்டாயம்னு விதியில வரி சேர்த்தது நீங்கதான் சார். அதை என்னை மனப்பாடம் பண்ண வெச்சதும் நீங்கதான். இன்னொண்ணு, வேலைக்குச் சம்பந்தமில்லாத வெளி ஆள் உள்ள இருக்கறதுக்கு."

இவர் வெளி ஆள் இல்லை என்று பெண்டாட்டி ஒரு வார்த்தை சொல்வாள் என்று மைனஸ் சார் எதிர்பார்த்தார். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூத்தெட்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் இன்ஸ்பெக்டர் அம்மா. "அப்புறம், கடிதாசி பேர்ல வந்த சோதனைன்னா கடிதாசியைக் கடைக்காரங்களுக்குப் படிச்சுக் காட்டணும். அதுவும் சார் விதிதான்."

மைனஸ் சாருக்குத் தன் வாழ்நாளில் எழுதிய விதிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து தன்னைத் தேடி வருவது போல் இருந்தது. பின்கதவைப் பார்த்தார். மச்சினன் அதில் சாய்ந்துகொண்டு நின்றான்.

இன்ஸ்பெக்டர் அம்மா படித்தாள்.

"பொருள்: தெருமுனை உணவகத்தைச் சோதிக்கக் கோருதல் தொடர்பாக. மேற்படி உணவகத்தின் சமையலறைக் கதவு எந்நேரமும் மூடியே இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் காத்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. உணவகத்தை நடத்தும் அம்மாள் காலை ஐந்தரைக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வீடு திரும்புகிறார். வந்ததும் தூங்கிவிடுகிறார். அவர் வலது மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுக்காயம் உள்ளது. மருந்து போட்டாரா என்று தெரியவில்லை. அன்னாருக்கு ஏழு நாட்களுக்குக் குறையாமல் ஓய்வு அளிப்பது பொதுநலனுக்கு உகந்தது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, பொதுமக்கள்."

குழம்பு மட்டும் கொதித்தது. பெண்டாட்டியின் கரண்டி நின்றுபோயிருந்தது.

"நானும் எத்தனையோ கடிதாசி படிச்சிருக்கேன்" என்றாள் இன்ஸ்பெக்டர் அம்மா, தாளை மடித்துக்கொண்டே. "அம்மா எப்பத் தூங்கறாங்கன்னு இந்தப் பொதுமக்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னுதான் விளங்கல. நான் வரேன் சார். வரேம்மா."

மைனஸ் சார் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். ஏழு நாள் போயிற்று, மானமும் போயிற்று. இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று மதியம் முழுக்கப் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்தார்.

நாலு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் வந்திருந்தாள். ஏழு மணிக்கு வர வேண்டியவள். கைகால் கழுவினாள். இரண்டு டீ போட்டுக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே விட்டாள்.

மைனஸ் சார் நடுவில் இருந்த இடத்தைக் கண்ணால் அளந்தார். பதினாறு அங்குலம்.

"மருந்து போட்டேன்" என்றாள் அவள், மணிக்கட்டைக் காட்டி.

"ம்."

"பொதுமக்கள்கிட்ட சொல்லிடுங்க."

"ம்."

பிறகு அவள் சொன்னாள்:

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த புதுசுல நானும் நாலு மணிக்கு டீ போடுவேன். ரெண்டு கப். நீங்க ஒன்பது மணிக்கு வருவீங்க. ரெண்டு வருஷம் அப்படியே போட்டேன். அப்புறம் ஒரு கப்பா ஆக்கிட்டேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

அவர் கவனித்திருக்கவில்லை.

"ஊர்ல இருக்கிற சமையலறையெல்லாம் போய் நின்னு பார்த்தீங்க. என்னோடதுல ஒரு நாள் நின்னதில்ல. இன்னைக்குத்தான் நின்னீங்க. கழிக்க வந்தவகிட்ட எனக்காகச் சண்டை போட்டீங்க. எனக்கு அது போதும்."

மைனஸ் சார் கையை நீட்டினார். எட்டியது. அவள் அந்தக் கையில் ஒரு தாளை வைத்தாள்.

"இது என்ன?"

"படிச்சுப் பாருங்க."

சாயங்காலம் ஆறிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் கடை நடத்த அனுமதி கேட்டு ஆபீசுக்கு எழுதிய விண்ணப்பம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சோதனை அட்டை வேண்டும், தொண்ணூற்றைந்து மார்க்குக்குக் குறையக் கூடாது என்று மேலேயே அச்சடித்திருந்தது. கீழே அன்று காலை போட்ட தொண்ணூற்றெட்டின் நகலைக் குத்தியிருந்தாள். விண்ணப்பத்தின் தேதியைப் பார்த்தார். பதினெட்டு நாளைக்கு முந்தின தேதி.

"இது நான் கடிதாசி போடறதுக்கு முன்னாடி எழுதினது."

"ஆமா. பழைய அட்டை காலாவதி ஆயிடுச்சு. புதுசுக்கு வரிசையில நின்னா நாலு மாசம்னு தம்பி கேட்டுட்டு வந்தான்."

"அந்தக் கவர்? ஸ்டாம்பு?"

"கரண்ட் ஆபீசுக்குத்தான் எடுத்து வெச்சேன்னு சொன்னேனே." டீயை ஒரு வாய் குடித்தாள். "வீட்ல கரண்டு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு எழுதறேன்னு நீங்க கேட்கலையே."

"நான் போடுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு சூப் குடிச்ச மனுஷன் ஒரு கடிதாசி போட மாட்டாரா?"

"நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். சட்டம் எல்லாருக்கும் ஒன்று, வரிசையில் வா என்று சொல்லியிருப்பார்.

"பின்கதவு திறந்திருந்ததே, அதுவும்?"

"நீங்க சொல்லாத விதி எந்தச் சமையலறையிலயும் இல்ல. அந்தப் பொண்ணு ஏதாவது தப்பாக் கழிச்சா சண்டை போட ஆள் வேணாமா? ரெண்டு மார்க் போகும்னு கணக்குப் பண்ணித்தான் திறந்து வெச்சேன்."

மைனஸ் சார் தாளை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு ஒன்று வந்தது. இனி ஏழு மணிக்கு வருகிறவளும் இல்லை. பத்து மணிக்குக் கடை மூடி, கழுவி, பூட்டி எப்போது வருவாள்? அந்த இருபது நிமிஷச் சாப்பாடும் போயிற்று. தூங்குகிற முகமாவது கிடைத்துக்கொண்டிருந்தது.

"அப்போ ராத்திரியும் நீ வீட்ல இருக்க மாட்டே" என்றார். குரல் அவருக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

"ஏழாவது கட்டத்தைப் படிக்கலையா?"

படித்தார். 'மாலை நேரச் சுகாதாரப் பொறுப்பாளர்' என்று இருந்தது. பயிற்சிச் சான்றிதழ் உள்ளவராக இருக்க வேண்டும். அதற்கு எதிரே அவர் பேரை, அப்பா பேரோடு சேர்த்து, அழகாக எழுதியிருந்தாள். கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"இந்த ஏரியாவுலயே அந்தச் சான்றிதழ் இருக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அவள். "வெளி ஆள்னு இனிமே யாரும் மார்க் கழிக்க முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே கடை, ஒரே சமையலறை. என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வதற்கு இருக்கிறது. ஒரே கடை, ஒரே சமையலறை. அடுப்பு வெளிச்சத்தில் நீல ஏப்ரனோடு நிற்கிற ஆளைத் தினமும் நாலு மணி நேரம் முழுசாகப் பார்க்கலாம். மைனஸ் சார் பேனாவை வாங்கினார். வலது கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

அனுமதி எட்டு நாளில் வந்தது. திங்கட்கிழமை முதல் நாள். அவர் நாலே முக்காலுக்கே போய்விட்டார். சட்டை, செருப்பு, நகம் எல்லாம் சுத்தம். தொப்பியைக் கண்ணாடியில் பார்த்து மூன்று தடவை சரி செய்தார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் உடுப்பைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அவருக்குக் காது சிவந்துவிட்டது.

அவள் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். தொப்பியைக் கழற்றினாள். கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"எங்க கிளம்பறே?"

"வீட்டுக்கு. காலையில அஞ்சரைக்கு வந்தவ நான். பகல் முழுக்க நின்னுட்டு ராத்திரியும் நின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்? நீங்களே கடிதாசியில எழுதியிருந்தீங்களே, ஓய்வு வேணும்னு. சாயங்காலச் சமையலுக்குப் புதுசா ரெண்டு பேரைப் போட்டிருக்கேன். கழுவறது, பூட்டறது எல்லாம் இனிமே உங்க ஷிப்ட்ல வந்துடும். தம்பி கூட இருப்பான். வரட்டுமா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே சமையலறைன்னு சொன்னியே?"

"ஒரே சமையலறைதான். ஒரே நேரம்னு சொன்னேனா?"

பின்கதவு திறந்தது, மூடியது. மைனஸ் சார் கரண்டி கையில் இல்லாமலேயே கரண்டி பிடித்தவர் மாதிரி நின்றார். ஆறு மணிக்கு ஜனங்கள் வந்தார்கள். பிரிட்ஜைப் பார்த்தார், நாலு டிகிரி. துணியைப் பார்த்தார், சொட்டு விழுந்தது. பார்க்க வேண்டியது எல்லாம் சரியாக இருந்தது. பார்க்க விரும்பியது ஐந்து வீடு தள்ளிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

ஏழு மணிக்குக் கடை போன் அடித்தது. அவரே எடுத்தார்.

"என்னங்க, ஒரு ஆளுக்குச் சாப்பாடு வேணும், வீட்டுக்கு."

அந்த 'என்னங்க'வைக் கேட்டதும் அவருக்கு உயிர் திரும்பி வந்தது. "இதோ, நானே எடுத்துட்டு வர்றேன். ரெண்டே நிமிஷம்."

"நீங்க எப்படி வருவீங்க? அடுப்பு எரியற வரைக்கும் பொறுப்பாளர் கடையை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதானே விதி எழுதினீங்க. தம்பிகிட்ட குடுத்து விடுங்க, சூடு ஆறாம."